மலையைக் காகிதத்தில் சுமந்தவர்

சந்திரகிரிக் கோட்டையைப் பார்க்காத மாணவர் நம் மன்றத்தில் எவரும் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் திருப்பதியிலிருந்து பஸ் ஏறுகிறோம். ராஜ மகாலின் முன்னே நின்று ஆளுக்கு நாற்பது ஐம்பது படம் கைப்பேசியில் எடுத்துக்கொள்கிறோம். மாலைக்குள் விடுதிக்குத் திரும்பிவிடுகிறோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மட்டும் தனியே போனேன். அன்று என் தோளில் ஒரு மரப்பெட்டிக் காமிரா இருந்தது. பெட்டியும் முக்காலியும் வில்லையும் சேர்ந்து பதினான்கு கிலோ. விடுதிச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டே கிளம்பினேன். கோட்டைக்குப் பின்னுள்ள பாறை மேட்டில் பாதி ஏறுவதற்குள் முழங்கால் மடங்கிவிட்டது. உச்சியை அண்ணாந்து பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன், இறங்கி வந்துவிட்டேன். ஒரு படமும் எடுக்கவில்லை.

அந்தப் பெட்டி என் தாய்மாமனுடையது. ராயக்கோட்டைக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எங்கள் குடும்பம் சித்தூருக்குக் குடிவந்ததே அவரை நம்பித்தான். அவர் அங்கே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். என் தந்தையாருக்கு மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதும் வேலையும் அவரே பார்த்துக் கொடுத்தார். எங்கள் தெருவில் தமிழர் வீடாயினும் தெலுங்கர் வீடாயினும் மாமா எடுத்த கல்யாணப் படம் மாட்டாத கூடம் இல்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். பிறகு டிஜிட்டல் காமிரா வந்தது. அதன் பின்னாலேயே கைப்பேசி வந்தது. மாமா கடையை மூடினார். முப்பது ஆண்டு நெகடிவ்களைச் சாக்கில் கட்டிப் பழைய சாமான் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டார். பெட்டி பரணில் ஏறியது. அன்று முதல் அவர் படம் எடுப்பதில்லை. என் அக்காளின் திருமணத்தில் கைப்பேசியை நீட்டியவர்களிடம்கூடக் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி நகர்ந்துவிட்டார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

நான் வேதியியல் மாணவன். சுமையைக் குறைக்க ஏதேனும் வழி உண்டா என்று பழைய புகைப்பட முறைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஓர் இரவு, 1858இல் வெளியான படத்தொகுதி ஒன்றின் தலைப்பிலே எங்கள் ஊர்ப் பெயரைக் கண்டேன். ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களும் அதில் இருந்தன. என் பாட்டி ஆடு மேய்த்த ஊர்! எடுத்தவர் பெயர் லின்னேயஸ் டிரைப். புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் எவரும் விட்டுவிடாத பெயர் அது. எனக்கோ அதுவரை தெரியாது. அவருடைய வாழ்க்கையைத்தான் இங்கே எழுதப் புகுந்தேன்.

டிரைப் 1822 ஏப்ரலில், இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன்போர்ட் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். செடிகளுக்கும் விலங்குகளுக்கும் இரட்டைப் பெயர் சூட்டிய சுவீடன் நாட்டு அறிஞரின் பெயரை அவருக்கு இட்டிருக்கிறார்கள். தாவரவியல் நண்பர்கள் மகிழலாம். 1838இல் கிழக்கிந்தியக் கும்பினியின் படையில் சேர்ந்து, சென்னை மாகாணத்தின் 12ஆம் சுதேசிக் காலாட்படைக்கு வந்தார். அந்நாளில் அரும்பு மீசை முளைக்கும் முன்பே இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் இப்படிக் கப்பலேறியது வழக்கம். 1850களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் தாயகம் சென்றார். அங்கேதான் காமிரா அவரைப் பிடித்துக்கொண்டது. புகைப்படம் என்னும் புதுமை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். 1853இல் லண்டனில் புகைப்படச் சங்கம் தோன்றியபோது டிரைப்பும் அதில் உறுப்பினர். கப்பல்துறை ஊர்க்காரர் அல்லவா, முதலில் எடுத்துப் பழகியவை கப்பல்கள்.

1854இல் கேப்டனாகத் திரும்பி வந்து பெங்களூரில் தங்கினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஆண்ட்ரு நீல் என்னும் மருத்துவரோடு ஹளேபீடுக்கும் பேலூருக்கும் போய் ஹொய்சளர் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் 68 படங்களை வைத்துப் பதக்கமும் பெற்றார். இவ்வளவும் சொந்த ஆசையால், சொந்தச் செலவில்.

இங்கே சிறிது நின்று, அக்காலத்துக் காமிராவின் சுமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் டிரைப் செய்தது இன்னதென்று விளங்காது.

அந்நாளில் சிறு நெகடிவிலிருந்து பெரிய படம் எடுப்பது நடைமுறையில் இல்லை. நெகடிவைக் காகிதத்தின்மேல் வைத்து வெயிலில் காட்டுவார்கள். நெகடிவ் எவ்வளவோ படமும் அவ்வளவே. 10க்கு 14 அங்குலப் படம் வேண்டுமானால் அந்த அளவு நெகடிவ் வேண்டும். அதைத் தாங்கும் அளவுக்குப் பெட்டியும் பெரிதாக வேண்டும். பெட்டியைச் சிறிதாக்க வழியில்லை. குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்று, பெட்டிக்குள் செருகும் பொருளின் கனம்.

1851க்குப் பின் மேனாடெங்கும் பரவியது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைக் கரைசலை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆகவேண்டும். பத்து அல்லது பதினைந்து நிமிடக் காரியம். நம் சித்திரை வெயிலில் அவ்வளவு நேரம்கூடக் கிடைக்காது. எனவே போகுமிடமெல்லாம் இருட்டறையைக் கூடாரமாகக் கட்டித் தூக்கிக்கொண்டே போகவேண்டும். தகட்டின் கனம் வேறு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 10க்கு 14 அங்குலத்தில் 3 மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்றின் எடை ஏறத்தாழ 680 கிராம். நூறு தகடு 68 கிலோ. அதே அளவுக் காகிதம் நூறு தாள் ஏறத்தாழ ஒரு கிலோ!

டிரைப் தம் நீண்ட பயணங்களில் பெரிதும் நம்பியது காகிதத்தையே. பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட மெழுகுக் காகித முறை அதற்கு அடிப்படை. நல்ல தாளை மெழுகில் ஊறவைத்து, அயோடைடு கரைசலில் இட்டு உலர்த்தி, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் நனைத்தால் தாளுக்குள் வெள்ளி அயோடைடு உண்டாகும். அதை உலர்ந்த நிலையிலேயே காமிராவில் செருகலாம். படமெடுத்த அன்றே கழுவ வேண்டும் என்பதுமில்லை. முகாமுக்கு வந்து காலிக் அமிலத்தில் நிதானமாக இட்டுக்கொள்ளலாம். இருட்டுக் கூடாரம் மலையேற வேண்டியதில்லை. மனிதரும் காமிராவும் ஏறினால் போதும்.

சும்மா கிடைத்த வரம் அன்று அது. காகிதத்தின் நார் படத்தில் தெரியும்; கண்ணாடியின் கூர்மை வராது. வெளிச்சம் பட வேண்டிய நேரமும் நிமிடக் கணக்கில் நீளும். வெள்ளி அயோடைடுக்கு நீல ஒளிதான் கண்ணில் படும், சிவப்பு படாது. எனவே வானம் வெறும் வெள்ளையாகவும் திட்டுத் திட்டாகவும் வந்துவிடும். டிரைப் நெகடிவின்மேல் வண்ணம் தீட்டி வானத்தைச் சீர்செய்தார்; சில படங்களில் மேகத்தையே தூரிகையால் வரைந்து சேர்த்தார். இதை ஏமாற்று என்று சொல்வோரும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேதியியல் காட்ட மறுத்த வானத்தை அவர் கையால் திருப்பிக் கொடுத்தார்.

1855இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பர்மிய அரசரின் தலைநகரான அமரபுரத்துக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். ஆர்தர் பெய்ர் தலைவர், பின்னாளில் புகழ்பெற்ற ஹென்றி யூல் செயலாளர், படமெடுக்க டிரைப். ஐராவதி ஆற்றின் வழியே, மழைக் காலத்தில், உடல் நலமும் சரியில்லாமல், இருநூறுக்கு மேற்பட்ட நெகடிவ்களோடு திரும்பினார். அவற்றில் 120ஐத் தேர்ந்து, பெங்களூரில் உட்கார்ந்து, ஐம்பது தொகுதிகள் அச்சிட்டுக் கொடுத்தார். பெருக்கிப் பாருங்கள், ஆறாயிரம் படங்கள். ஒவ்வொன்றும் வெயிலில் காய்ந்து, தண்ணீரில் ஊறி, அட்டையில் ஒட்டப்பட்டது.

அதன் பயனாக 1856இல் அவரைச் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமித்தார்கள். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து பெரும் பயணம் தொடங்கினார். வடக்கே சிப்பாய்களின் போர் இன்னும் ஓயவில்லை. சென்னையிலிருந்து வாலாஜா வரை 1856இல் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. தெற்கே இன்னும் எதுவும் இல்லை. ஏறத்தாழ நாலரை மாதம். ராயக்கோட்டை, சேலம் பகுதி, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று நம் நாட்டை நெடுகச் சுற்றி வந்தார். மாசியும் பங்குனியும் அதில் அடக்கம். மெழுகுத் தாள் வெயிலில் என்ன பாடு படும் என்பது வேதியியல் மாணவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை எடுத்தார். இன்று நாம் பார்க்கும் மகால் நேப்பியர் பிரபு கவர்னராயிருந்த காலத்தில், 1866க்குப் பின், செப்பனிடப்பட்டது. அதற்கு முன் அது இடிபாடாகக் கிடந்த கோலம் டிரைப்பின் படங்களில் இருக்கிறது. வைகையின் குறுக்கே போகும் தரைப்பாலத்தை எடுத்தார். தெப்பக்குளத்தை எடுத்தார். ஊருக்கு வெளியே யானைமலையை எடுத்தார். எனக்கு அவர் படங்களுள் மிகவும் பிடித்தது அதுதான். கோயிலும் இல்லை, கோபுரமும் இல்லை. சமவெளியில் ஒரே ஒரு பாறை படுத்துக்கிடக்கிறது. காகிதத்தின் நார் அந்தப் பாறையின் தோலாகவே ஆகிவிட்டது. கண்ணாடியில் எடுத்திருந்தால் இன்னும் கூர்மையாக வந்திருக்கும். இவ்வளவு கனமாக வந்திருக்குமா என்பது ஐயமே.

இந்தப் படங்களில் பெரும்பாலும் மனிதர் இல்லை. சந்நிதித் தெருவில் ஆள் நடமாட்டமே இராதா? இருந்திருக்கும். நிமிடக் கணக்கில் வில்லை திறந்திருக்கும்போது நடந்து போகிறவர் படத்தில் பதியமாட்டார்; அசையாத கல் மட்டும் பதியும். படத்தின் அடியில் டிரைப்பின் கையொப்பம் இருக்கிறது. பெட்டி சுமந்தவர், தாளுக்கு மெழுகு தேய்த்தவர், தண்ணீர் கொண்டுவந்தவர் ஆகியோரின் கையொப்பம் இல்லை. அதை நினைக்கும்போது எனக்கு வருத்தம் உண்டு.

தஞ்சையில் அவர் செய்தது வேறு வகையான காரியம். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுக்களைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். ஒவ்வொரு முறையும் காமிரா சுவரிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், சுவருக்கு நேராக நிற்கவேண்டும்; சிறிது திரும்பினாலும் அடுத்த படத்தோடு வரி சேராது. எந்த வில்லையாலும் இதைச் செய்துவிட முடியாது. அளவுகோல் பிடித்த கை வேண்டும். அந்தக் கோயிலின் கல்வெட்டுக்களை ஹுல்ட்ஸ் படித்து நூலாக வெளியிடத் தொடங்கியது 1891இல். அதற்கு 33 ஆண்டு முன்பே எழுத்துக்களின் உருவத்தைத் தாளில் ஏற்றிவிட்டார் இந்தப் படை அதிகாரி. அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கி, விரலால் தடவித் தடவி நான் ஓர் இரவு உட்கார்ந்திருந்தேன். ட, ப, ம என்று சில எழுத்துக்கள் பிடிபட்டன. தெலுங்குப் பலகைகளுக்கு நடுவே வளர்ந்து, வீட்டிலே மட்டும் தமிழ் படித்த எனக்கு அந்த மூன்று எழுத்தும் பெரிய சொத்தாக இருந்தது.

பயணம் முடிந்ததும் 1858இல் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களைப் படமெடுத்தார். வால்டர் எலியட் தோண்டிக் கொண்டுவந்த சுண்ணாம்புக் கற்கள் அவை; மறு ஆண்டே கப்பலேறி லண்டனுக்குப் போய்விட்டன. ஆந்திர நண்பர்களும் டிரைப்பை நினைக்க இடமிருக்கிறது.

மதுரை, தஞ்சை முதலிய தொகுதிகள் அச்சேறின. கும்பினி ஆட்சி 1858இல் முடிந்து முடியாட்சி வந்தது. 1859இல் சார்லஸ் டிரெவெல்யன் கவர்னராக வந்தார். கடன் சுமையில் அரசு தத்தளித்த காலம். கணக்குப் புத்தகத்தைப் புரட்டியவர் கண்ணில் புகைப்படக்காரரின் செலவு பட்டது. அது ஆடம்பரம் என்று தீர்த்து, வேலையை நிறுத்த உத்தரவிட்டார். 1860இல் டிரைப்பின் அலுவலகம் மூடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், புது வரிகளை வெளிப்படையாக எதிர்த்ததற்காக அதே 1860இல் டிரெவெல்யனையே லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது.

டிரைப்புக்கு அப்போது 38 வயது. இன்னும் 42 ஆண்டு வாழ்ந்தார். படை வேலையில் தொடர்ந்தார்; பல ஆண்டு கழித்து பர்மாவில் இருந்தபோது சில படங்கள் எடுத்ததுண்டு. அவ்வளவுதான். 1870களில் ஓய்வு பெற்று, கௌரவ மேஜர் ஜெனரலாகப் பிறந்த ஊருக்கே திரும்பி, 1902 மார்ச்சில் இறந்தார். 2014இல் வாஷிங்டனிலும், அடுத்த ஆண்டில் நியூயார்க்கிலும் லண்டனிலும் அவர் படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தார்கள். அவர் வாழ்க்கையில் என்னை வதைப்பது அந்த 42 ஆண்டுதான். திறமை குறையவில்லை, கை நடுங்கவில்லை. ஓர் உத்தரவு வந்தது, பெட்டியை மூடினார். எங்கள் வீட்டுப் பரணை நினைக்காமல் அந்தப் பகுதியை என்னால் படிக்க முடியவில்லை.

டிரைப்பின் ராயக்கோட்டையைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு மாமாவிடம் காட்டப் போனேன். நெடுநேரம் பார்த்தார். ஏதும் சொல்லவில்லை. பரணில் ஏறி ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். உள்ளே படம் பெரிதாக்கும் கருவியின் வில்லை, 150 மில்லிமீட்டர், எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்தது. இருநூறு கிராம்கூட இராது.

அதைக்கொண்டு ஒரு பெட்டி செய்தேன். இன்று மேனாட்டில் 4க்கு 5 அங்குல அளவில், ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான மடக்குக் காமிராக்கள் செய்கிறார்கள். அவற்றின் பயன் கனக் குறைவு மட்டுமன்று. நம் கைப்பேசியை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்வதைப் பார்க்கிறோம். இந்தப் பெட்டிகளில் தாள் இருக்கும் பின்பலகையைச் செங்குத்தாகவே வைத்துக்கொண்டு, வில்லைப் பலகையை மட்டும் மேலே உயர்த்தலாம். கோபுரம் சாயாமலே உச்சி படத்துக்குள் வந்துவிடும். விலை கேட்டால் நம் உதவித்தொகை தாங்காது. தச்சுப் பட்டறையில் மெல்லிய ஒட்டுப்பலகை வாங்கி, தையற்காரரிடம் கறுப்புத் துணியில் துருத்தி மடிக்கச் சொல்லி, வில்லைப் பலகைக்கு ஒரு காடி வெட்டி, ஒரு மாதத்தில் முடித்தேன். பெட்டி 1,400 கிராம். உள்ளே பிலிம் இல்லை. படம் அச்சிடும் காகிதத்தையே வெட்டி நெகடிவாகச் செருகினேன். அதற்கும் நீலம்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியாது. வில்லைக்கு மூடி போதும்; கழற்றி, மூன்று எண்ணி, மூட வேண்டியதுதான்.

டிரைப் வெளியிட்ட தொகுதிகளில் சந்திரகிரி இல்லை. பங்குனியில் ஒரு விடியற்காலை ஆறு தாளோடு ஏறினேன். இம்முறை உச்சி வரை முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு தாளில் சேஷாசல மலைச் சரிவை எடுத்தேன். இறங்கி வந்து, அடிவாரத்திலிருந்து கோட்டைப் பாறையை இரண்டு தாளில் எடுத்தேன். விடுதிக் குளியலறையில் சிவப்பு விளக்கு மாட்டிக் கழுவினேன். மூன்று தாள் கறுத்துப் போயின. பெட்டியின் மூலையில் வெளிச்சம் ஒழுகியிருக்கிறது. சேஷாசலத்தின் செம்பாறை ஒரு தாளில் வெறும் வெள்ளையாக வந்தது, வானம் கரியாக வந்தது. டிரைப்புக்குத் தூரிகை ஏன் வேண்டியிருந்தது என்று அப்போது தெரிந்தது.

எல்லாவற்றையும் சித்தூருக்குக் கொண்டுபோனேன். மாமா கறுத்த தாள்களையும் தள்ளவில்லை. ஒவ்வொன்றாகச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோட்டைப் பாறையின் உச்சி வெட்டுப்பட்டிருந்த தாளில் நெடுநேரம் நின்றார். காடி போதாது, வில்லை இன்னும் மேலே போக வேண்டும் என்றார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, என் பெட்டியின் முன்பலகையில் அரை அங்குலம் உயர்த்தி ஒரு கோடு கிழித்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை சந்திரகிரிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.